புதன்கிழமைச் சாப்பாடு

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அக்கா. கீழே இருப்பது ஹாட் பாக்ஸ். மூடி இறுக்கம்தான், ஆனாலும் இந்த டிரைவர் பள்ளம் பார்த்து ஓட்டுகிற ஆளாகத் தெரியவில்லை. கவிழ்ந்தால் முதலில் உங்கள் சேலைதான் போகும். தக்காளிக் கறை லேசில் விடாது.

இல்லை, மடியில் வைத்துக்கொள்ள முடியாது, சுடுகிறது. இரண்டு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஆறு மணி நேரம் சூடு தாங்கும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். இப்போது நாலு. ஐந்துக்குள் மயிலங்காட்டுவலசு போய்விடலாம் இல்லையா? நால்ரோடு தாண்டி மூன்றாவது நிறுத்தம் என்றார் கண்டக்டர். நீங்களும் அங்கேதான் இறங்குகிறீர்களா? அப்பாடா. வழி கேட்க ஆள் கிடைத்தது.

உள்ளேயா? வான்கோழிக் கறி உருண்டையும் பாஸ்தாவும். முகத்தைச் சுளிக்காதீர்கள். கோலா உருண்டை தெரியும்தானே, அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்தா என்றால் சேமியாவுக்கு அண்ணன். குழாய் குழாயாக இருக்கும். இதில் சுளிக்க என்ன இருக்கிறது? ஒரு பொருளைச் சாப்பிட்டே பார்க்காமல் சுளிப்பதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பேச்சு அப்படித்தான் வரும். கல்லூரியில் பட்டிமன்றம் என்றால் என் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் தலைப்பையே யோசிப்பார்கள். பிரிசில்லா என் பெயர். சென்னையில் பெரம்பூர். இங்கே கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு. வான்கோழித் தீவனம்தான் என் ஆராய்ச்சி, அதனால்தான் இந்தக் கறி. புதன்கிழமை தோறும் எங்கள் பண்ணையில் கழித்த வான்கோழிகளை வெட்டி விற்பார்கள். பதினொரு மணிக்குப் போனால் நெஞ்சுக்கறி கிடைக்கும். பன்னிரண்டுக்குப் போனால் கழுத்து.

வான்கோழி வறட்டுக் கறி, அக்கா. கொழுப்பே கிடையாது. கொத்தி அப்படியே உருட்டினால் வெந்ததும் ரப்பர் பந்து. அதற்குத்தான் பழைய பன்னைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து சேர்ப்பது. வெங்காயத்தை நறுக்கக் கூடாது, துருவ வேண்டும். பூண்டு, மிளகு, கொஞ்சம் சோம்பு, ஒரு முட்டை. பிசையக் கூடாது, விரல் நுனியால் கலக்க வேண்டும். பிசைவது வேறு, கலப்பது வேறு. பாதிப் பேர் செய்கிற தப்பே இதுதான். அப்புறம் உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு உருட்டி, முக்கால் வேக்காடு பொரித்து, மீதியைத் தக்காளிச் சாற்றில் வேகவிட வேண்டும். பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டால் சாறு கெட்டியாகக் கூடி வரும். முக்கால் மணி நேர வேலை. நாள் முழுக்கக் கோழி எச்சம் நிறுத்துவிட்டு வருகிறவளுக்கு ராத்திரிச் சாப்பாடாக இதைவிட ஆறுதல் ஒன்று கிடையாது.

கோகிலாவுக்கும் அப்படித்தான். கோகிலவாணி. அவளுக்குத்தான் இதைக் கொண்டுபோகிறேன். நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள். எது தின்றாலும் வெளியே வரும், புதன்கிழமை உருண்டை மட்டும் தங்கும். போன வாரத்துக்கு முந்தின வாரம் பதினொன்று சாப்பிட்டாள், எண்ணினேன்.

யார் வீட்டுக்கு என்றா கேட்கிறீர்கள்? அவள் அண்ணன் வீட்டுக்கு. நல்லசிவம் என்று, போர்வெல் வண்டி வைத்திருக்கிறாரே. தெரியுமா? நீங்கள் தலையாட்டுவது தெரியும் என்பதற்கா, தெரியாது என்பதற்கா? எனக்குப் புரியவில்லை. இந்தப் பக்கத்துத் தலையாட்டல் எனக்கு இன்னும் பழகவில்லை.

தெரிந்தவர் என்றால் உங்களிடமே ஒரு நியாயம் கேட்கிறேன். இரண்டு நாளாக எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஒரு மனுஷன் என்னோடு பேசமாட்டேன் என்கிறான். யார் பக்கம் தப்பு என்று நீங்கள் சொல்லுங்கள்.

கோகிலாவும் நானும் ஒரே வகுப்பு. முதல் வருஷத்திலிருந்து டவுனில் ஒன்றாகத்தான் வாடகைக்கு இருக்கிறோம். ஆவணி மாதம் அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை இன்பராஜ், தீவன மில்லில் லேப் வேலை. கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருத்தி நான். இவள் ஆட்கள் வேறு, அவன் ஆட்கள் வேறு. எந்த வேறு என்று நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்லிச் சொல்லித்தானே அது உயிரோடு இருக்கிறது. உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் வீட்டில் விஷயம் தெரிந்தது, போன் வந்தது, அவள் அம்மா அழுதாள், அதோடு சரி. பழைய வீடு அவர்களுக்குத் தெரியும் என்று டவுனிலேயே வேறு வீட்டுக்கு மாறினோம், இன்பராஜும் எங்களோடு வந்துவிட்டான்.

வந்தவன் செய்த முதல் காரியம் வாசல் கதவில் மூன்று தாழ்ப்பாள் அடித்தது. ஜன்னலுக்குக் கெட்டித் திரை. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. அப்படித் தட்டினால்தான் திறக்க வேண்டுமாம். வேலைக்குப் போகிற வழியைத் தினமும் மாற்றுவான். அவளைக் கல்லூரிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டான், மாடியில் துணி காயப்போடக்கூட விடமாட்டான். ஏழு மாதம், அக்கா! படித்த பெண், சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவள், ஏழு மாதம் வெயில் படாமல் இருந்தால் என்ன அர்த்தம்? தப்புச் செய்தவன்தானே ஒளிய வேண்டும்? நான் கேட்டேன். நேருக்கு நேர் கேட்டேன். "ஒளிஞ்சிருக்கிறதே குத்தத்தை ஒத்துக்கிற மாதிரி இல்லையா?" என்றேன்.

"பிரிசி, நீ மெட்ராஸ்காரி. உனக்கு இது புரியாது" என்றான்.

புரியாதாம். புரியாது என்று சொல்லிவிட்டால் பதில் சொன்னதாக ஆகிவிடுமா? அது பதில் இல்லை, கதவைச் சாத்துவது. எனக்கு யாராவது கதவைச் சாத்தினால் பொறுக்காது.

கோகிலா ராத்திரியில் அம்மா நினைப்பில் அழுவாள். வயிற்றில் குழந்தை தங்கியதும் அழுகை அதிகமாயிற்று. அம்மா கையால் ஒரு வாய் ரசம் வேண்டும் என்பாள். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அவள் கல்லூரிப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் அண்ணன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். மறைத்துச் செய்தேன் என்கிறான் இன்பராஜ். மறைக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு.

நீங்கள் அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும். நான் ஒரு ரவுடியை எதிர்பார்த்தேன். அவரோ, "சொல்லுங்க அம்மிணி" என்கிறார். அரை மணி நேரம் பேசினேன். சட்டம் சொன்னேன், பாசம் சொன்னேன், பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாய்மாமன் மடி வேண்டாமா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். ஒன்றுக்குக்கூட மறுப்பு இல்லை. நியாயமாகப் பேசினால் கேட்காத மனுஷன் கிடையாது என்பது என் கட்சி. கடைசியில், "புதன்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் பேசலாம்" என்றேன். அப்புறம், "சரிங்க. எந்த இடமுங்க?" என்றார்.

ஏன் அக்கா, தண்ணீர் வேண்டுமா? என்னிடம் இருக்கிறது. வேண்டாமா? சரி.

விஷயத்தைச் சொன்னதும் இன்பராஜ் குதித்த குதி! "அட்ரஸ் குடுத்தியா? அட்ரஸைக் குடுத்தியா பிரிசி?" என்று அதையே நாலு தடவை கேட்டான். வேறு வீடு பார்க்க வேண்டும் என்று பெட்டியைக்கூட இழுத்துப் போட்டான். கோகிலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஏழு மாதத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். "எங்கண்ணன் ஒரு வாய் நம்ம வீட்ல சாப்பிட்டாப் போதுங்க. எங்க பக்கம் கை நனைச்சிட்டா அப்புறம் பகை கிடையாது. வேண்டாத வீட்ல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க" என்றாள். அதைக் கேட்டுத்தான் அவன் பெட்டியை விட்டான். அவனும் இந்தப் பக்கத்துக்காரன்தானே, அவனுக்கும் தெரியும்.

அதனால் அன்றைய சாப்பாடு எனக்குப் பரீட்சை மாதிரி. கோகிலா சோறு ஆக்கி, அரிசிம்பருப்பும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைக்கலாம் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பாருங்கள், சோறும் குழம்பும் வைத்தால் அந்த மனுஷன் என்ன நினைப்பார்? யார் வீட்டுச் சோறு, யார் கை பட்ட பானை என்றுதானே போகும் புத்தி? நம் ஊரில் எல்லாச் சாப்பாட்டிலும் ஜாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்டுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று. வான்கோழிக்குக் கிடையாது! எந்தச் சாமியும் வான்கோழி கேட்டதில்லை, எந்தச் சேரிக்கும் எந்த அக்ரகாரத்துக்கும் அது சொந்தமில்லை. பாஸ்தாவும் அப்படித்தான். அது யாருடைய சாப்பாடும் இல்லை. அதனால் எல்லாரும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். எப்படி என் வாதம்?

"சோறு ஆக்குனா நல்லாருக்குமே பிரிசி..." என்று இழுத்தாள். ஒரு மணி நேரம் பேசி அவள் வாயை அடைத்தேன். அவளால் ஒரு காரணம்கூடச் சொல்ல முடியவில்லை, அக்கா. "நல்லாருக்கும்" என்பது ஒரு காரணமா?

போன புதன்கிழமை சரியாக ஏழு மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஆளும் பேச்சும் அவ்வளவு பதவிசு. வாசலில் நின்று, "வரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். கோகிலா ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். குனிந்து தூக்கினார். அவள் வயிற்றை மட்டும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தாய்மாமன் இல்லையா!

இன்பராஜ் அடுக்களை வாசலிலேயே நின்றான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. ஆனால் அவர் எவ்வளவு மரியாதை தெரியுமா? தங்கையின் புருஷனை அன்றைக்கு முழுக்க 'சார்' என்றுதான் கூப்பிட்டார். "உக்காருங்க சார்", "மில்லு எப்புடிப் போகுதுங்க சார்." வயதில் சின்னவனை இப்படி யார் கூப்பிடுவார்கள்?

என்ன கேட்டீர்கள்? மச்சான் என்று கூப்பிட்டாரா என்றா? இல்லை, சார்தான். முறை சொல்லிக் கூப்பிடுவதைவிட அது உயர்வுதானே!

தாழ்ப்பாள்களைப் பார்த்து, "மூணு இருக்குதுங்க" என்று சிரித்தார். எனக்கு அவமானமாகப் போயிற்று. "இவருக்கு வீண் பயம்ங்க, இனிமே கழட்டிடுவோம்" என்றேன். "பின்னாலயும் வழி இருக்குதுங்களா?" என்றார். காற்றோட்டத்துக்காகக் கேட்கிறார் என்று கொல்லைக் கதவு, துவைக்கிற கல், சந்து எல்லாவற்றையும் கூட்டிப்போய்க் காட்டினேன். நன்றாகப் பார்த்தார். "நல்ல எடமுங்க" என்றார்.

அன்றைக்கு உருண்டை அமைந்த மாதிரி என்றைக்கும் அமைந்ததில்லை. தொட்டால் பிளந்துகொள்கிற பதம். விருந்துக்கென்று வெள்ளைப் பீங்கான் தட்டு நாலு வாங்கியிருந்தேன். அவர் தட்டைத் திருப்பிப் பார்த்து, "புதுசுங்களா?" என்று கேட்டார். "இன்னைக்குத்தாங்க வாங்கினேன், யாரும் தொடவே இல்லை" என்றேன். "சரிங்க" என்று சொல்லி வைத்துக்கொண்டார். எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறார் பாருங்கள். கோகிலா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கைகழுவ நீட்டினாள். "இருக்கட்டும். முள்ளுக்கரண்டி இருந்தாக் குடுங்க" என்றார். பட்டிக்காட்டு மனுஷன் என்று நினைத்திருந்தேனே, முள்கரண்டியால் அவ்வளவு லாவகமாகச் சாப்பிட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். தண்ணீர்கூடக் கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலிலிருந்துதான் குடித்தார், நமக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று. முடித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

நான் இன்பராஜைப் பார்த்தேன், 'இப்போது என்ன சொல்கிறாய்' என்கிற மாதிரி. அவன் தட்டில் கை வைக்கவே இல்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோகிலா அந்தச் சொம்பை இன்னும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன்டி நிற்கிறாய், உட்கார் என்றேன். அவள் உட்காரவில்லை.

நானே ஏதாவது கேட்க வேண்டுமே என்று போர்வெல் பற்றிக் கேட்டேன். எவ்வளவு ஆழம் போடுவீர்கள் என்று.

"ஆயிரத்து எரநூறு அடி வரைக்கும் போகுமுங்க."

"தண்ணி வரலைன்னா?"

"மூடிப்போட்டு வந்துருவோமுங்க" என்றார். "மேல மண்ணப் போட்டாச்சுன்னா அங்க குழி இருந்ததே தெரியாதுங்க."

தொழிலைப் பற்றி எவ்வளவு எளிமையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா, பொண்ணு மூன்று நாள் வந்துவிட்டுப் போகட்டும், அம்மா கண்ணிலேயே உசிரை வைத்துக்கொண்டிருக்கிறாள், சனிக்கிழமை கூட்டிப்போய்த் திங்கட்கிழமை கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றார். "சாரு அடுத்த தடவை வரட்டுமுங்க, ஊருக்குள்ள பையப் பையத்தான் சொல்லோணும்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. எந்த மாற்றமும் ஒரே நாளில் வராதே.

அவர் போனதும் இன்பராஜ் ஒரே வார்த்தை, "அனுப்ப மாட்டேன்." காரணம் கேட்டேன். "அவன் சாப்பிடல பிரிசி" என்றான். கேட்டீர்களா அக்கா! இரண்டு தட்டு சாப்பிட்டார், பதினாலு உருண்டை, என் கண் முன்னால். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்கிறவனோடு எப்படி வாதாடுவது? ஆனாலும் வாதாடினேன். புதன் ராத்திரி, வியாழன், வெள்ளி. நீ அவளை அடைத்து வைத்திருக்கிறாய், அவர்கள் அடைத்து வைத்திருந்தால் அதற்கும் நீ அடைத்து வைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவன் சுருண்டுபோனான்.

கோகிலா? வெள்ளிக்கிழமை சாயந்திரம், "நீ சொல்றதெல்லாம் சரிதான் பிரிசி. எனக்குத்தான் என்னமோ..." என்றாள். என்னமோ என்றால் என்ன, சொல் என்றேன். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. "அம்மாவப் பாக்கணும்" என்றாள். அம்மாவைப் பார்க்கத்தானே போகிறாய் என்றேன். சனிக்கிழமை காலையில் கார் வந்தது. ஏறும்போது என் கையைப் பிடித்து, "புதன்கிழமை எனக்கும் சேத்து உருட்டி வை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு மத்தியானம் ஒரு செய்தி போட்டாள். "வந்துட்டேன்" என்று மட்டும். கோகிலா அப்படி எழுதுகிறவள் இல்லை. ஒரு வரி எழுதினால் நாலு பொம்மை போடுவாள். அதற்கப்புறம் போன் அணைந்து கிடக்கிறது. திங்கட்கிழமை வரவில்லை. அவர் நம்பரும் போகவில்லை. கிராமத்தில் சிக்னல் இருக்காது என்று இன்பராஜிடம் சொன்னேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டவுன் ஸ்டேஷனுக்குப் போனான். விரும்பிப் போன பெண், அண்ணனோடு போன பெண், இரண்டு நாள் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவன் வாசல் படியில் உட்கார்ந்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்து பார்த்து, "நீ ஜெயிச்சிட்ட பிரிசி" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. நேற்று அவனுடைய சொந்தக்காரர்களைக் கூட்டி வருகிறேன் என்று அவர்கள் ஊருக்குப் போனான்.

எனக்குக் கோபம் வருமா வராதா? ஒரு நல்ல காரியம் செய்தவளைக் குற்றவாளி மாதிரிப் பார்த்தால்? அதனால்தான் இன்று கிளம்பிவிட்டேன். புதன்கிழமை இல்லையா. பதினொரு மணிக்கே போய் நெஞ்சுக்கறி வாங்கி, உருட்டி, பொரித்து... நேரே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன். கோகிலா வருவாள். சாப்பிடுவாள். ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்புவேன், யார் சொன்னது சரி என்று.

நீங்கள் ஏன் ஒன்றுமே சொல்லமாட்டேன் என்கிறீர்கள்? இவ்வளவு நேரம் நான்தான் பேசிக்கொண்டு வருகிறேன்.

என்ன? மெதுவாகச் சொல்கிறீர்கள், இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை... சோறு போட்டோமா என்றா? இல்லை, சொன்னேனே, பாஸ்தா. மாவுதான், ஆனால் சோறு இல்லை. கையால் சாப்பிட்டாரா என்றால்... முள்கரண்டி, அக்கா. கை கழுவினாரா? இல்லை, எதற்குக் கழுவ வேண்டும், கையில்தான் ஒன்றும் படவில்லையே. கைக்குட்டையால் வாயைத்தான்...

ஆமாம். தண்ணீர் அவருடையது. தட்டு யாரும் தொடாதது.

இருங்கள். இருங்கள், நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரிகிறது. இது மூடநம்பிக்கை. ஒருவன் வயிற்றுக்குள் போனது போனதுதான், அது எதால் போனால் என்ன? கரண்டியால் தின்றால் கறி கறியில்லாமல் போய்விடுமா? இதை நான் எந்த மேடையிலும்...

கோகிலா சொம்போடு நின்றாள். சாப்பாடு முடிகிற வரைக்கும் கையில் சொம்போடு நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இல்லையா? அவனுக்கும் தெரிந்துவிட்டது. அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான்... யாருடைய சாப்பாடும் இல்லை என்று நான்தானே சொன்னேன். யாருடையதும் இல்லாததைத் தின்றவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. சாப்பிடுவது வேறு, கை நனைப்பது வேறு. அவள் சோறு ஆக்கலாம் என்றாள். சோறு ஆக்கியிருந்தால் அவன் ஒன்று, கை நனைத்திருப்பான். இல்லை, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பான். ஏதோ ஒன்று அப்போதே தெரிந்திருக்கும். நான் அவனுக்கு வழி பண்ணிக் கொடுத்தேன்.

போனில் அரை மணி நேரம் 'சரிங்க' என்றான். சரி என்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்று என்று நினைத்தேன்.

இல்லை. நான் பயப்படவில்லை. நோம்பி முடியட்டும் என்று இருப்பார்கள். கூட்டம், சொந்தக்காரர்கள்... என்ன சொன்னீர்கள்? இந்த வருஷம் நோம்பிக்கு இன்னும் நாள் குறித்துச் சாட்டவே இல்லையா? வேறு கோயிலாக இருக்கும், அக்கா. ஊரில் இன்னொரு கோயில் இருக்கும். இல்லையா? ஒரே கோயில்தானா?

வீடு?

எப்போதிலிருந்து பூட்டியிருக்கிறது? அவள் அம்மா எங்கே? அந்த அம்மாவை யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? எந்த ஊருக்கு? போர்வெல் வண்டி? ஞாயிற்றுக்கிழமை யார் தோட்டத்துக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லையா? ஊரில் இத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லையா? நீங்கள் அவருக்கு என்ன உறவு? பங்காளி வீடா? சனிக்கிழமை அவளைப் பார்த்தீர்களா? காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தீர்கள். அப்புறம்? அப்புறம் பார்க்கவில்லை. சொல்லுங்கள், என்னை மறுத்துப் பேசுங்கள், அக்கா. நீ நினைப்பது தப்பு கண்ணு என்று சொல்லுங்கள். நான் உடனே ஒத்துக்கொள்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒத்துக்கொள்கிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இது நால்ரோடுதானே, நம் ஊருக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருக்கிறதே. ஹாட் பாக்ஸை எங்கே தூக்குகிறீர்கள்? கண்டக்டர், இருங்கள், ஆள் இறங்குகிறோம், இருங்கள்!

தெரிகிறது. அந்தச் சிவப்புக் கட்டிடம்தானே போலீஸ் ஸ்டேஷன். நீங்களும் உள்ளே வருகிறீர்களா? உங்களை யாராவது பார்த்தால்? உங்கள் பெயர்கூட நான் கேட்கவில்லை, இவ்வளவு தூரம் பேசிவிட்டு. சரி, பெயர் வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், போதும். மீதியை நான் சொல்கிறேன். தேதி, மணி, வண்டி நம்பர், எல்லாம் சொல்கிறேன். கொல்லைக் கதவைக் காட்டியதைச் சொல்கிறேன். சோறு வேண்டாம் என்று சொன்னது யார் என்பதையும் சொல்கிறேன். இரண்டு நாள் பார்க்கலாம் என்று இங்கேயும் சொன்னால் விடமாட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன், உங்களுக்குக் கை சுடும். சூடு இருக்கிறது, அக்கா. தொட்டுப் பாருங்கள், நன்றாகவே இருக்கிறது. எட்டு மணி வரைக்கும் தாங்கும் என்றார்கள். ஆறினதை அவள் வாயில் வைக்கமாட்டாள்.

கொஞ்சம் வேகமாக நடங்கள்.